முதலாளி இனிப்பு, அப்புக்காத்து இனிப்பு, வாத்தியார் இனிப்பு

உங்களுக்கு இந்தக் கதை ஏன்? கிளினிக்கில் ஒரே வாங்குப் பலகையில் ஐந்து பேர் இருக்கிறோம். ஐந்து பேருக்கும் சீனி வருத்தம். ஒருத்திக்குக் கால் மரத்துவிட்டது, ஒருத்திக்குக் கண் மங்கல், ஒருவர் சீனியில்லாத தேத்தண்ணியை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறார். அப்படி இருந்தும், "எலெக்சன் வருகுது, இந்த முறை ஆர் ஆருக்கு என்ன இனிப்பு, சொல்லன்" என்று என் தோளைச் சுரண்டுகிறீர்கள். வெட்கமில்லையா? கடைக்குப் போனால் மிளகாய் போட்ட மாங்காய் டொபி, நாக்கை நீலமாக்குகிற சூப்புத்தடி, வாயில் போட்டால் வெடிக்கிற தூள் என்று பேரப்பிள்ளைகள் வாங்கித் தின்கின்றன. மதிலைப் பார்த்தால் அதே மாதிரி முகங்கள். எனக்கு இரண்டும் அலுத்துப்போயிற்று.

வேட்பாளரை இனிப்பாக்கிப் பார்த்தால் என்ன நடக்கும் என்று தெரியாமல்தான் கேட்கிறீர்கள். தெரிந்தால் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பீர்கள். சரி, நம்பர் கூப்பிடும் மட்டும் சொல்கிறேன். நடுவில் ஒருவரும் "பிறகு?" என்று கேட்கக் கூடாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா நிலாவெளியில் தம்பியைப் பெற்றுப் படுத்திருந்ததால், என்னைத் துறைமுகத்துக்குப் பின்பக்கம் ஒரு குறுகிய ஒழுங்கையில் இருந்த பெரியம்மாவிடம் விட்டிருந்தார்கள். அம்மாவின் தமக்கை. புருசன் இல்லை, பிள்ளை இல்லை, சிரிப்பும் இல்லை. குசினியில் சீனிப்பாகு காய்ச்சி, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, இறுகுவதற்கு முன் கத்தரிக்கோலால் வெட்டி இஞ்சி இனிப்பாக்குவார். சூட்டைப் பார்க்க விரல் நுனியால் பாகைத் தொடுவார். தொட்ட விரலை ஊதக்கூட மாட்டார். அந்த விரல்களால் குட்டு வாங்கியவள் நான். நுனி எல்லாம் காய்த்துப்போய், கொட்டைப்பாக்கால் குட்டுவது போல இருக்கும்.

இப்போது நீங்கள் மூதூருக்குப் பாலம் தாண்டி பஸ்ஸில் போகிறீர்கள். அப்போது லோஞ்சுதான், குடாவைக் கடக்கிற மோட்டார் வள்ளம். இறங்குதுறை வாசலில் இரண்டு தூண்கள் நின்றன. வலப்பக்கத் தூணின் நிழல் பெரியம்மாவுடையது. அங்கே ஒரு சாக்கை விரித்து, கண்ணாடி மூடி போட்ட தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு இருப்பார். டீசல் புகையும் கருவாட்டு மணமும் தார் மணமும் கலந்து வரும். அதற்கு நடுவே அந்தப் பெட்டியைத் திறந்தால் இஞ்சி மணம் ஒரு சாண் தூரத்துக்கு மட்டும் அடிக்கும். லோஞ்சால் இறங்குகிற சனம் அந்தத் தூணை உரசிக்கொண்டுதான் வெளியே வரவேண்டும். பிள்ளை ஒன்று அழுதால் இனிப்பு ஒன்று போகும். அதனால் தாயின் தோளில் கிடக்கிற பிள்ளைகளைப் பார்த்து நான் கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, அழவைப்பதுண்டு. வியாபாரம் நன்றாக நடந்தது.

அந்த வருசம் எங்கள் வட்டாரத்துக்கு எலெக்சன் வந்தது. கூடவே ஒரு கதையும் வந்தது. வாசலை அடைத்துக்கொண்டு இருக்கிற வியாபாரிகளை நகரசபை எழுப்பப் போகிறது, யாரை எழுப்புவது யாரை விடுவது என்பது புதிதாக வரும் மெம்பரின் கையில் என்றார்கள். அன்றிரவு பெரியம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. தூண் நிழல் போனால் அவருக்கு வேறு சீவியம் கிடையாது.

மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் மெயின் வீதியில் புடவைக் கடை வைத்திருந்த முதலாளி. மற்றவர் அப்புக்காத்து, அதாவது கோட்டில் வழக்குப் பேசுகிறவர். மூன்றாமவர் பென்சன் எடுத்த கணக்கு வாத்தியார். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தூணடிக்கு வந்தார்கள்.

முதலாளி குடையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, நான் வெண்டால் உன்ர மூலையை ஒருத்தனும் தொடேலாது. கோயில் வாசலில கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணுறன்."

அப்புக்காத்து சொன்னார்: "மூலை என்ன மூலை? உங்களுக்கு நான் கூரையே போட்டுத் தருவன், அம்மா. சட்டத்தில இடம் இருக்கு."

வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாதான் கேட்டார்: "ஐயா, நீங்கள் என்னை இருக்க விடுவீங்களோ?"

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, தூணைப் பார்த்து, வாசலைப் பார்த்து, கடலையும் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது, பிள்ளை. அளந்து பார்க்க வேணும்" என்றார்.

"மனிசனுக்கு ஒரு பொய் சொல்லக்கூட வாய் வரேல்லை" என்று பெரியம்மா அவர் போன பிறகு எரிந்து விழுந்தார். பொய் சொல்லாததற்காக ஒருவரை ஏசியதை நான் முதல் தடவை கேட்டது அன்றைக்குத்தான். வாக்கு கொடுத்த இருவரில் முதலாளிக்குத்தான் ஒழுங்கை முழுக்க ஆள்பலம். பெரியம்மா அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? அடுத்த நாள் பாகு காய்ச்சும்போது கேட்டேன்: "பெரியம்மா, ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு இனிப்புச் செய்வமோ?"

"உனக்கு விசரோ?"

"சனம் சிரிக்கும், வாங்கும்."

வாங்கும் என்ற சொல்லுக்குக் கத்தரிக்கோல் நின்றது.

முதலாளி இனிப்புக்கு வாழைப்பழ எசென்ஸ் போட்டோம். பாகை இழுத்து இழுத்து உள்ளே காற்று ஏற்றி, ஒரு முழக் கடதாசியில் சுற்றினோம். பத்தடிக்கு மணக்கும். கடதாசியை அவிழ்த்து அவிழ்த்துக் கை உளையும். கடித்தால் உள்ளே காற்று. அப்புக்காத்து இனிப்பு புளியும் சர்க்கரையும், முடிவில் கொச்சிக்காய்த் தூள். முதலில் இனிக்கும், நடுவில் கூசும், கடைசியில் வாயைத் திறந்துகொண்டு தண்ணீருக்கு ஓடவேண்டும், அவர் மேடையில் பேசி முடிக்கும்போது சனம் ஓடுவது போல. வாத்தியார் இனிப்பு மல்லியும் சுக்கும் மிளகும். கடதாசி இல்லை. ஓட்டுத் துண்டு மாதிரி ஒரு நிறம். கரைய அரை மணித்தியாலம் எடுக்கும். ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லுகிற நேரம் அது.

நான் தூணடியில் நின்று கூவினேன். "முதலாளி இனிப்பு! தூரத்தில மணக்கும், கிட்டப் போனால் இருக்காது! அப்புக்காத்து இனிப்பு! தின்னலாம், விளங்காது! வாத்தியார் இனிப்பு! காய்ச்சல்காரருக்கு மட்டும்!"

லோஞ்சில் டிக்கட் கிழிக்கிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், மூதூர்க்காரர். அவர்தான் முதலில் மூன்றையும் வாங்கி வாயில் போட்டார். கொஞ்ச நேரம் கண்ணால் தண்ணீர் ஓடியது.

"புள்ள, மூண்டையும் ஒண்டாப் போட்டா கூட்டணி ஆட்சி மாதிரி இரிக்கி. துப்பவும் ஏலா, முழுங்கவும் ஏலா."

சனம் சிரித்தது, வாங்கியது. ஒரு கிழமைக்குள் அது எலெக்சன் கணக்காகவே மாறிவிட்டது. எந்த இனிப்பு முதலில் முடிகிறதோ அந்த ஆள் வெல்வார் என்று ஒழுங்கை முழுவதும் கதை. பெரிய கடதாசியைப் பார்த்துப் பிள்ளைகள் முதலாளி இனிப்புக்குத்தான் அழுதன. அதுதான் முதலில் முடிந்தது. சேதி முதலாளியின் காதுக்குப் போனது. நான் கூவிய கூவல் மட்டும் போகவில்லை. பெரிய மனிதர்களின் காதில் அப்படி ஒரு சல்லடை இருக்கிறது.

நானா என் காதுக்குள் சொன்னார்: "இத வாங்கிற சனம் எல்லாம் அக்கரைச் சனம், புள்ள. எங்களுக்கு இங்க வோட்டே இல்ல. முதலாளிக்குச் செல்லிப்போடாத, பாவம்."

நான் சொல்லவில்லை. பெரியம்மாவிடம் சொன்னேன். அவர், "உன்ர வேலையைப் பார்" என்றார். அவருக்கும் அந்தக் கணக்கை நம்பவேண்டியிருந்தது.

முதலாளி ஒரு பின்நேரம் ஆட்களோடு வந்தார். முகம் முழுக்கப் பல்.

"ஆரின்ர இனிப்பு கூடப் போகுது, தங்கச்சி?"

"உங்கடதான், ஐயா."

"நான் சொன்னனான்தானே! ஆனால் கடதாசி ஏன் வெள்ளை? என்ர கொடி ஊதா. சுத்திற கடதாசியும் ஊதாவா இருக்க வேணும். தூரத்தில நிண்டு பார்த்தாலும் என்ர நிறம் தெரிய வேணும்."

எலெக்சன் அன்று விடிய, அவருடைய சனத்துக்கு வீடு வீடாகக் கொடுக்க மூன்று பெட்டி வேண்டும் என்றார். "வெற்றி இனிப்பு" என்று அதற்குப் பெயரும் வைத்தார்.

ஊதாக் கடதாசிக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு மாமி பன் என்கிற கோரைப் புல்லில் பாய் இழைக்கிறவர். அவர் வீட்டில் பன்னுக்குப் போடுகிற சாயம் இருந்தது, ஊதாத் தூள், தகரப்பேணியில். அதைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைக் கடதாசியைத் தோய்த்துக் கொடியில் காயப்போட்டோம். முதல் தரம் வெளிறலாக வந்தது. முதலாளியின் ஆள் பார்த்துவிட்டு, "இன்னும், இன்னும்" என்றான். நான் பேணியையே கவிழ்த்துவிட்டேன். கடதாசி நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆனது. இரண்டு நாள் இருந்து நானும் பெரியம்மாவும் சுற்றினோம். என் கை ஊதா. பெரியம்மாவின் கை அதைவிட ஊதா. கடற்கரை வெக்கையில் கை வியர்க்கும், வியர்த்த கையில் சாயம் ஊறும். அதைப் பார்த்து யாருக்காவது ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். பெரியம்மா, மாமி, முதலாளியின் ஆள் என்று மூன்று பெரிய ஆட்கள் பார்த்தார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

எலெக்சன் அன்று விடிய முதலாளியின் ஆட்கள் ஒழுங்கை ஒழுங்கையாக இனிப்புக் கொடுத்தார்கள். சனம் கடதாசியை அவிழ்த்து, அவிழ்த்து, இனிப்பைத் தேடிப் பிடித்துத் தின்றுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு வோட்டுப் போடப் போனது. பெரியம்மா தோய்த்து உலர்த்திய சீலையைக் கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மாமி எங்களுக்கு முன்னால் நின்றார். நான் வாசற்கதவில் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"கையைக் காட்டுங்கோ, அம்மா" என்றான் வோட்டுக்காரரின் சின்னி விரலில் ஊதா மை பூசுகிற கிளாக்கர்.

மாமி காட்டினார்.

"நீங்கள் போட்டிட்டீங்கள். போங்கோ."

"நான் இப்பத்தானே தம்பி வாறன்."

"அப்ப இதென்ன மை?"

"மை இல்லைத் தம்பி. இனிப்பு."

கிளாக்கர் மாமியின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். "சின்னி விரலில இருந்தாலும் ஒரு தரம் போட்டிட்டா எண்டு சொல்லலாம். பத்து விரலிலயும் இருக்கு. பத்துத் தரமோ போட்டனீங்கள்?"

வரிசை சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கையைக் குனிந்து பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. முதலாளியின் ஆட்கள் மற்ற எல்லாரையும் விட முந்தி வந்து முன்னால் நின்றார்கள். எல்லாருக்கும் ஊதா விரல். அப்புக்காத்தின் சனமும் வாத்தியாரின் சனமும் வெள்ளைக் கையோடு அவர்களைத் தாண்டி உள்ளே போனார்கள்.

பெரிய அலுவலர் கதிரையை விட்டெழும்பி வந்தார். நல்ல மனிதர். "கழுவிப்போட்டு வாங்கோ. விரல் வெள்ளையா இருந்தால் விடுறன்" என்றார்.

பள்ளிக்கூடத்துப் பைப்பைத் திறந்தார்கள். காற்றுத்தான் வந்தது. அந்த நேரத்தில் எங்கள் பக்கம் எப்போதும் தண்ணீர் நின்றுவிடும். அப்போதுதான் மாமிக்கு மூளை வேலை செய்தது.

"உதில கடல் இருக்கேக்க என்ன யோசினை? மண் போட்டு உரஞ்சினால் கடல் தண்ணியில எதுவும் போகும்!"

மாமி வீட்டில் பன் சாயம் காய்ச்சும்போது விறகு தள்ளியவள் நான். சாயம் பிடிக்க என்ன போடுவார்? உப்பு. கைப்பிடி கைப்பிடியாக உப்பு. அதைப் போட்டவரே இப்போது ஊரைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்.

"மாமி, உப்புத் தண்ணியில சாயம் கூடப் பிடிக்குமெல்லோ?"

"சின்னப் பிள்ளை, பெரியாக்களின்ர கதைக்குள்ள வராத."

"பெரியம்மா, உப்பு..."

குட்டு விழுந்தது.

அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலாளியின் வோட்டு முழுவதும் முழங்காலளவு தண்ணீரில் குனிந்து நின்று கை உரஞ்சிக்கொண்டிருந்தது. மண்ணால் உரஞ்சினார்கள், தேங்காய்த் தும்பால் உரஞ்சினார்கள், ஒரு கிழவர் தன் வேட்டித் தலைப்பால் உரஞ்சி அதையும் ஊதாவாக்கினார். முதலாளி கரையில் நின்று, "கெதியா, கெதியா!" என்று குடையால் நிலத்தில் குத்தினார். எழும்பி வெயிலில் விரித்துப் பார்த்தால் கைகள் முன்னையைவிட மினுங்கின.

அரைவாசிப் பேர் தேசிக்காய்ப் புளியும் சவர்க்காரமும் தேடிப்போய், தோல் கழன்று, எப்படியோ திரும்பி வந்து போட்டார்கள். மற்றவர்களைப் பள்ளிக்கூடம் மூடும் மட்டும் விடவில்லை. பெரியம்மாவின் கை எல்லாரையும் விட மோசம். மூன்று தரம் வரிசையில் நின்றார். மூன்று தரமும் அலுவலர் தலையாட்டினார். கடைசித் தரம் பெரியம்மா அவரிடம், "ஐயா, என்ர இடம் போகப்போகுது" என்றார். அவருக்கு என்ன இடம் என்று விளங்கவில்லை. "வீட்டை போங்கோ, அம்மா" என்றார்.

முதலாளி பதினொரு வோட்டால் தோற்றார். வாத்தியார் வென்றார்.

அடுத்த நாள் காலையில் முதலாளி தூணடிக்கு வந்தார். குடை இல்லை.

"உன்ர கடதாசிதானடி என்னைக் கவிட்டது!"

பெரியம்மா தலையை நிமிர்த்தாமல் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தார். "நீங்கள்தானே ஐயா தூரத்தில நிண்டாலும் தெரிய வேணும் எண்டு சொன்னீங்கள். இப்ப மூதூர் வரைக்கும் தெரியுது."

அவர் போன பிறகும் பெரியம்மா துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். தன் ஆள் தோற்றுவிட்டார். வென்றவரை ஒரு மாதமாகக் காய்ச்சல்காரரின் இனிப்பு என்று பெரியம்மாவின் சாக்கில் நின்றே நான் கூவியிருக்கிறேன். அந்த வயதிலும் எனக்கு அது விளங்கியது. அன்று நான் ஒரு பிள்ளையையும் அழவைக்கவில்லை.

நாலாம் நாள் வாத்தியார் வந்தார். கையில் தையற்காரரின் அளவு நாடா. மாலை இல்லை, ஆள்கூட்டம் இல்லை. நேரே என்னிடம் வந்து, "என்ர பேரில ஒரு இனிப்பு இருக்காமே?" என்றார்.

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். பெரியம்மா நிலத்தைப் பார்த்தார். ஒன்றை எடுத்து நீட்டினேன். வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அளக்கத் தொடங்கினார். தூணிலிருந்து தூணுக்கு அளந்தார். சனம் இறங்குகிற வழியை அளந்தார். ஒரு கிழவி மூட்டையோடு தடுக்கி விழப்போனதை நின்று பார்த்துவிட்டு, அந்த இடத்தையும் அளந்தார். இனிப்புக் கரைந்து முடிய அளவும் முடிந்தது.

"மிளகு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். பிறகு, "பிள்ளை, வாசலில ஒருத்தரும் இருக்கேலாது. எல்லாரும் இருபது யார் தூரம் தள்ளி, அந்த மதிலடியில" என்றார்.

"ஐயா, நான் பதினாலு வருசமா இதில இருக்கிறன்."

"தெரியும். கச்சான்கடலைக்காரி பன்னிரண்டு வருசம். அவளையும்தான் எழுப்புறன்."

"என்னை மட்டும் ஒரு ஓரமா..."

"ஏலாது, பிள்ளை."

குரலை உயர்த்தவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அதுதான் பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கோபத்தில் எழுப்பியிருந்தால் ஒழுங்கை முழுவதும் மண்ணள்ளித் தூற்றியிருக்கலாம். நியாயமாக எழுப்புகிறவரை என்ன சொல்லி ஏசுவது?

மதிலடி வெறும் வெயில். லோஞ்சால் இறங்குகிற சனம் வாசலைத் தாண்டியதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும். பிள்ளைகள் அழுவதற்குள் தாய்மார் கடந்துபோய்விடுவார்கள். பாகு வெயிலில் உருகி ஒன்றோடொன்று ஒட்டியது. ஒரு கிழமை முழுக்கப் பெரியம்மா கொண்டுபோன பெட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். குசினி அடுப்பு இரண்டு நாள் எரியவில்லை. என்னை நிலாவெளிக்கு அனுப்பிவிடப் போவதாக மாமியிடம் சொன்னதும் காதில் விழுந்தது. ஊதாச் சாயம் மட்டும் எங்கள் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை.

எட்டாம் நாள் பெரியம்மா மதிலடியில் சாக்கை விரிக்கவில்லை. நேரே வாசலுக்குள் போனார். காவல்காரன், "இஞ்ச இருக்கேலாது" என்றான்.

"ஆர் இருக்கப்போறது? நான் மூதூருக்குப் போறன்."

நானா டிக்கட் புத்தகத்தோடு நின்றார். பெரியம்மாவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மறுபடி செருகினார்.

"வாத்தியார்ர நாடா எதுவரைக்கும் நீளும், நானா?"

"கேற்றடி மட்டும்தான்."

"கடல் எந்த வட்டாரம்?"

நானா சிரித்துவிட்டார். "கடலுக்கு மெம்பர் இல்லக்கா. ஏறுங்க."

ஒரு மணித்தியாலத்துக்கு மேலே ஓடுகிற லோஞ்சு. சனம் எழும்பி ஓட முடியாது. பிள்ளைகள் அழுதே தீரும், நான் கண்ணை உருட்டத் தேவையேயில்லை. போகும்போது ஒரு பெட்டி, வரும்போது ஒரு பெட்டி. முதல் நாளே இரண்டும் விற்றுத் தீர்ந்தன.

ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த பெரியம்மா அதுவரை லோஞ்சில் கால் வைத்ததில்லை. குடாவின் நடுவில் லோஞ்சு ஆடத் தொடங்கியதும், பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு, ஓரத்தைப் பிடித்துக் குனிந்து வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "இஞ்சி இனிப்பு, அக்கா, தலைச்சுத்துக்கு நல்லம்" என்று விற்றார். திரும்பவும் போய் எடுத்தார். மூதூரில் இறங்கி மண்ணில் ஐந்து நிமிசம் இருந்தார். பிறகு மறுபடி ஏறினார். நான் சிரித்தேன். ஒன்பது வயதில் வேறென்ன தெரியும்? அந்தப் பயணத்தை நாளுக்கு இரண்டு தரம் எத்தனை வருசம் செய்தார் என்று இப்போதுதான் விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறேன்.

முதல் நாள் பின்நேரம் வீட்டுக்கு வந்தபோது ஒழுங்கையில் எல்லாரும் வேலியில் தொங்கிக்கொண்டு நின்றார்கள். மாமிதான் கேட்டார்: "என்னடி, வாத்தியார் கடைசியில உனக்கு என்ன தந்தவர்?"

பெரியம்மா கிணற்றடியில் முகத்தைக் கழுவினார். பச்சையாகக் கிடந்த முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்தார். வேலியடிக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"முதலாளி மூலை தாறன் எண்டவர். அப்புக்காத்து கூரை தாறன் எண்டவர். வாத்தியார் ஒண்டும் தாறன் எண்டு சொல்லேல்லை. பாருங்கோ, முழுக் கடலையும் தந்திட்டார்."